அப்பா தூக்கிவிட்டதும் சொல்லாமல் விட்டதும்

"உங்க அப்பா நல்லவர்தானே?"

ஆஸ்பத்திரி பெஞ்சில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெண் இதைக் கேட்டாள். அவள் சண்டைக்குக் கேட்கவில்லை. அழுது முடித்த குரலில், ஏற்கெனவே நாலு பேரிடம் விசாரித்துவிட்டு ஐந்தாவது ஆளிடம் கேட்பது போலக் கேட்டாள். உள்ளே கட்டிலில் அவளுடைய அப்பா இடுப்பெலும்பு உடைந்து, ஆபரேஷன் முடிந்து படுத்திருந்தார். முதியோர் இல்லத்தில் அவரைப் பார்த்துக்கொள்ளும் வேலை என் அப்பாவுடையது. நான் என் செருப்பையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

நான் பள்ளிப் படிப்பை முடித்துவிட்டு வீட்டில் இருக்கிறேன். ஒரு போட்டோ கடையில் கொஞ்ச நாள், ஒரு துணிக்கடையில் கொஞ்ச நாள் வேலை பார்த்தேன். எதிலும் நிலைக்கவில்லை. எழுதுகிற பழக்கமெல்லாம் பள்ளிக் கட்டுரைப் போட்டியோடு சரி. ஆனாலும் அப்பாவைப் பற்றி எழுதியாக வேண்டும் என்று தோன்றிக்கொண்டே இருந்தது. அவரிடமே கேட்டேன்.

"எழுது. ஆனா நல்லா இருக்கிற மாதிரி மட்டும் எழுதிடாத" என்றார்.

அப்பா முதலில் சரக்குக் கிடங்கில் சுமை தூக்கினார். அம்மாவைக் கல்யாணம் செய்வதற்கு முன்பிருந்தே அந்த வேலைதான். அங்கே எல்லோருக்கும் தெரிந்த ஒரு பழக்கம் உண்டு. அடுக்கிலிருந்து ஒரு பெட்டி நழுவினால், மேஸ்திரி திரும்பிப் பார்ப்பதற்குள் அது மறுபடி அடுக்கில் ஏறிவிட வேண்டும். கீழே கிடப்பதைப் பார்த்தால்தானே உடைந்ததா, யார் கை நழுவியது என்ற பேச்சு வரும்? பார்க்காவிட்டால் அது விழவே இல்லை. இந்த வேகத்தில் அப்பாவை மிஞ்ச ஆள் கிடையாது என்பார்கள்.

கிடங்குக்கு இயந்திரங்கள் வந்தபோது பாதிப் பேரை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அப்போதுதான் முதியோர் இல்லத்தில் ஆள் எடுப்பதாக யாரோ சொன்னார்கள். படுத்தவரைப் புரட்டவும், உட்கார்ந்தவரை எழுப்பவும், குளிப்பாட்டவும் பலமான ஆண் ஒருவர் வேண்டும் என்றார்கள். அப்பா போனார். முதல் வாரம் வீட்டில் சோறு இறங்கவில்லை. பிறகு பழகிவிட்டது. உறவினர்கள் கேட்டால் மட்டும் "ஆஸ்பத்திரி பக்கம்" என்று இழுப்பார்.

"டாக்டரான்னு கேட்டா என்ன சொல்வீங்க?" என்று அம்மா சீண்டுவாள்.

"அதுக்கு இன்னும் ரெண்டு பரீட்சை பாக்கி இருக்குன்னு சொல்லுவேன்."

ஆனால் அந்த வேலை அவருக்குக் கைவந்தது. யாருக்கு எந்தத் தோள் வலிக்கும், யாருக்குச் சட்டையை இடது கையில் முதலில் மாட்ட வேண்டும் என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். எப்பேர்ப்பட்ட கனத்த உடம்பையும் வலிக்காமல் தூக்கிவிடுவார். இல்லத்தில் அவருக்கு 'கிரேன்' என்று பெயர் விழுந்தது. "கிரேன் பார்த்துக்கிட்டா யாரும் விழ மாட்டாங்க" என்று கூட வேலை செய்கிறவர்கள் சொல்வதை வீட்டில் வந்து இரண்டு மூன்று தடவையாவது சொல்லிவிடுவார்.

ஆஸ்பத்திரியில் படுத்திருந்தாரே, அவரை எல்லோரும் லைன்மேன் ஐயா என்று கூப்பிடுவார்கள். வாழ்நாளெல்லாம் மின்கம்பத்தில் ஏறி இறங்கியவர். "நான் ஏறாத கம்பம் இந்த ஊர்ல கொடிக்கம்பம் மட்டும்தான்" என்பார். அவர் அறை மேல்மாடியில் இருந்தது. ஜன்னல் வழியாகத் தெருவிலுள்ள கம்பங்கள் வரிசையாகத் தெரியும். காலை உணவு முடிந்ததும் எழுந்து போய் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்பதுதான் அவருடைய பெரிய சந்தோஷம். "அந்தக் கம்பி தொய்வா இருக்கு பாரு தம்பி. எவனோ துணி காயப் போடுற கொடி மாதிரி கட்டிட்டுப் போயிருக்கான்" என்று அப்பாவிடம் தினமும் ஒரு குறை சொல்வார். இருவருக்கும் ஒத்துப்போனது.

ஒரு நாள் காலையில் அவர் ஜன்னலுக்குப் போக எழுந்தார். இரண்டு அடி வைத்ததும் முழங்கால் மடங்கி, கட்டிலில் முதுகு உரசத் தரையில் போய் உட்கார்ந்துவிட்டார். அப்பா கையில் இருந்த தட்டை வைத்துவிட்டு, இரண்டு அக்குளிலும் கை கொடுத்து ஒரே வீச்சில் தூக்கிக் கட்டிலில் உட்கார வைத்தார். எல்லாம் கண் மூடித் திறப்பதற்குள் முடிந்தது.

"தம்பி, யாராவது பார்த்தாங்களா?"

"இல்லைங்க ஐயா."

"அப்ப நான் விழலை."

இருவரும் சிரித்தார்கள். ஆனால் ஐயா கட்டில் விளிம்பை விடாமல் பிடித்துக்கொண்டிருந்ததாக அப்பா சொன்னார். அடி இல்லை, வீக்கம் இல்லை, ரத்தம் இல்லை. அந்த இல்லத்தில் வேலை செய்கிறவர்களுக்குள் எழுதாத ஒரு வழக்கம் இருந்தது: அடிபட்டால்தான் விழுந்த கணக்கு, மற்றதெல்லாம் சும்மா உட்கார்ந்த கணக்கு. அதனால் அப்பா சாதாரணமாகத்தான், "சிஸ்டர்கிட்ட ஒரு வார்த்தை சொல்லிடட்டுமா?" என்று கேட்டார்.

ஐயா அவர் கையைப் பிடித்துக்கொண்டார். "சொன்னா என்ன ஆகும் தெரியுமா? கீழ் மாடிக்கு மாத்திடுவாங்க. அங்க ஜன்னலைத் திறந்தா சுவரு. அது போகட்டும். இத்தனை வருஷம் கம்பத்து உச்சியில நின்னு விழாதவன், தரையில நின்னு விழுந்துட்டான்னு என் பொண்ணு காதுக்குப் போகணுமா? சத்தியம் பண்ணு."

அப்பா சத்தியம் செய்தார்.

இல்லத்தில் மூன்று மாதத்துக்கு ஒரு முறை ஒவ்வொருவரையும் பற்றி மதிப்பீடு எடுப்பார்கள். அதைச் செய்யும் நர்ஸுக்குக் 'கேள்வி சிஸ்டர்' என்று பட்டப்பெயர். நன்றாகச் சாப்பிடுகிறாரா, தூங்குகிறாரா, ஞாபகம் எப்படி, எப்படி நடக்கிறார், போன மதிப்பீட்டுக்குப் பிறகு எப்போதாவது விழுந்தாரா என்று பெரிய பட்டியல். யாருக்குத் துணை ஆள் வேண்டும், யார் தனியாக நடக்கலாம், யாருடைய மாத்திரையை டாக்டர் திரும்பப் பார்க்க வேண்டும் என்பதெல்லாம் அந்தப் பதில்களை வைத்துத்தான் முடிவாகும். அப்பாவுக்கு அது அவ்வளவாகத் தெரியாது. அவரைப் பொறுத்தவரை அது 'கேள்வி நாள்', அவ்வளவுதான்.

அந்த முறை கேள்வி சிஸ்டர் நடைபாதையில் எதிரே வந்தார். அப்பா அழுக்குத் துணி வண்டியைத் தள்ளிக்கொண்டிருந்தார். சிஸ்டர் நிற்கக்கூட இல்லை.

"லைன்மேன் ஐயா விழலைல்ல?"

"இல்லைங்க சிஸ்டர்."

"அப்பாடா. ஒருத்தராவது."

அந்த 'அப்பாடா' தனக்குப் பிடித்திருந்தது என்று அப்பா பின்னால் ஒப்புக்கொண்டார்.

விழவே இல்லை என்று பதிவானதால் இரண்டு காரியங்கள் நடந்தன. கட்டிலை ஒட்டித் தரையில், ஆள் கூட இல்லாத நேரத்தில் போட்டு வைக்க, கால் வைத்ததும் மணி அடிக்கும் ஒரு மிதியடி இருந்தது. தேவைப்படும் வேறொருவருக்கென்று அதை எடுத்துப் போனார்கள். ஐயா அறைக்குள் தனியாக நடக்கலாம் என்றும் எழுதினார்கள். ஐயாவுக்குக் கொண்டாட்டம். "பார்த்தியா, பதவி உயர்வு!" என்றார்.

அதற்குப் பிறகும் விழுந்தார். ஒரு தடவை கழிவறை வாசலில். இன்னொரு தடவை நாற்காலி பக்கத்தில். ஒரு தடவை கதவு நிலையில் இடித்து அப்பாவின் மார்பில் சாய்ந்து, அப்படியே வழுக்கிக்கொண்டு தரைக்கு இறங்கினார். ஒவ்வொரு தடவையும் அப்பா கண் மூடித் திறப்பதற்குள் தூக்கினார். ஒவ்வொரு தடவையும் ஐயா கதவைப் பார்த்தார். அடுத்த கேள்வி நாளிலும் அதே கேள்வி வந்தது, அதே பதில் போனது.

கடைசியாக விழுந்த அன்று காலையில் அப்பா பக்கத்து அறையில் படுக்கை விரிப்பு மாற்றிக்கொண்டிருந்தார். சத்தம் கேட்டு ஓடினார். கட்டிலுக்கும் ஜன்னலுக்கும் நடுவே ஐயா ஒருக்களித்துக் கிடந்தார். அப்பாவின் கைகள் யோசிக்கவில்லை. வழக்கம்போல அக்குளில் கொடுத்து ஒரே வீச்சில் தூக்கின.

ஐயா கத்திய கத்தல் மாடி முழுவதும் கேட்டதாம். உடைந்த இடுப்போடு அவரை எழுப்பி நிறுத்தப் பார்த்திருக்கிறார் என் அப்பா. அப்படித் தூக்கியதால் முறிவு மோசமானதா என்று டாக்டரிடம் அவர் இன்றுவரை கேட்கவில்லை. கேட்கத் தைரியம் இல்லை என்று என்னிடம் சொன்னார்.

அன்று சாயங்காலம் அம்மா துணி தேய்த்துக்கொண்டிருந்தாள். அப்பா பக்கத்தில் வந்து உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னார். நான் அடுத்த அறையில் இருந்தேன். எங்கள் வீட்டுச் சுவருக்குக் காது தேவையில்லை. சுவரே பாதி உயரம்தான்.

"என்னங்க இது? முன்னாடியே இத்தனை தடவை விழுந்திருக்காரா? வாயில என்ன கொழுக்கட்டையா வெச்சிருந்தீங்க?"

"அவரு சத்தியம் வாங்கிட்டாரு."

"வேலை போயிடும்னு பயந்தீங்களா?"

"அதில்ல." நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. "எனக்கும் அது பிடிச்சிருந்துச்சு. கிரேன் பார்த்தா விழ மாட்டாங்கன்னு சொல்றாங்கல்ல... அந்தப் பேரு."

அம்மா தேய்த்த சட்டையையே மறுபடி எடுத்துத் தேய்த்தாள். எனக்குக் காது சுட்டது. யாரோ திருட்டில் பிடிபட்டதைப் பார்க்க நேர்ந்து, அந்த ஆள் நம் வீட்டு ஆளாக இருந்தால் எப்படி இருக்குமோ அப்படி இருந்தது.

மறுநாள் அப்பா ஐயாவைப் பார்க்கப் போனார். நானும் கூடப் போனேன். அவர் உள்ளே போனபோதுதான் ஐயாவின் மகள் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"இது முதல் தடவைதானே, தற்செயலா நடந்துருச்சுங்கிறாரு டாக்டர். திரும்பிப் போனதும் பழைய மாத்திரையே போதும், கொஞ்சம் கொஞ்சமா பழையபடி தனியா நடக்கலாமாம். எனக்கு என்னவோ மனசு ஒப்பலை. உங்க அப்பா நல்லவர்தானே? முன்னாடியே விழுந்திருந்தா சொல்லியிருப்பாரே?"

நான் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தேன் என்று சொன்னேன் அல்லவா. அவள் என் தோளைத் தட்டி, "நீ சின்னப் பொண்ணு, உன்கிட்டப் போய் கேட்கிறேன் பாரு" என்றாள். அது இன்னும் மோசமாக இருந்தது.

திரும்பும்போது பேருந்தில் நான் அப்பாவிடம், "பழையபடின்னா மறுபடி விழுவாருப்பா" என்றேன்.

"தெரியும்."

"அடுத்த தடவை தலையில பட்டா?"

"தெரியும்னு சொல்றேன்ல!" முன் இருக்கையில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அப்பா குரலை இறக்கினார். "இன்னைக்கும் கையைப் பிடிச்சு சத்தியம் வாங்கினாரும்மா. வலியில முனகிக்கிட்டே வாங்கினாரு."

ஐயா இல்லத்துக்குத் திரும்பிய அன்று நடந்ததை அப்பா பாதி சொன்னார். மீதியை ஐயாவின் மகள் பிறகு ஒரு நாள் எனக்குச் சொன்னாள். இருவர் சொன்னதையும் சேர்த்து எழுதுகிறேன்.

உடம்பு நிலை பெரிதாக மாறிவிட்டதால் கேள்வி சிஸ்டர் அன்றே புதிதாக மதிப்பீடு எடுக்க வந்தார். ஐயா சக்கர நாற்காலியில் இருந்தார். மகள் பக்கத்தில் நின்றாள். அவரைக் கட்டிலுக்கு மாற்ற அப்பாவைக் கூப்பிட்டிருந்தார்கள்.

"இதுக்கு முன்னாடி விழலைல்ல ஐயா?"

"நானா? பூமிதான் என்மேல விழணும்" என்றார் ஐயா. சிஸ்டர் சிரித்தார். மகளும் சிரித்தாள். பேனா காகிதத்துக்குப் போனது.

"விழுந்திருக்காரு சிஸ்டர்" என்றார் அப்பா.

ஐயா மெதுவாகத் திரும்பினார். "டேய்."

அதுவரை அவர் அப்பாவை டேய் என்று கூப்பிட்டதே இல்லை.

"நான்தான் தூக்கிவிட்டேன். நான்தான் உங்ககிட்ட இல்லைன்னு சொன்னேன்."

"எத்தனை தடவை?"

"மூணு... இல்ல. கதவுல இடிச்சு என்மேல சாஞ்சு இறங்கினாரு, அது கணக்குல வருமா? நான் பிடிச்சுக்கிட்டேன். மெதுவாத்தான் போனாரு."

"வரும். அவரு போக நினைக்காம தரைக்குப் போனா அது விழுந்ததுதான். அடிபடலைன்னாலும் சரி, நீங்க பிடிச்சு இறக்கினாலும் சரி. நீங்க பிடிக்கலைன்னா என்ன ஆகியிருக்கும்?"

"அப்ப நாலு. இதோட அஞ்சு."

சிஸ்டர் ஒவ்வொன்றாகக் கேட்டார். எங்கே, எப்போது, அதற்கு முன்னால் என்ன செய்துகொண்டிருந்தார். அப்பா இடத்தை வைத்துத்தான் ஞாபகப்படுத்திச் சொன்னார். கட்டில் ஓரம், காலையில், சாப்பிட்ட பிறகு. கழிவறை வாசல், காலையில், சாப்பிட்ட பிறகு. நாற்காலி பக்கம், காலையில். கதவு நிலை, அதுவும் காலையில். சிஸ்டர் எழுதுவதை நிறுத்தினார்.

"எல்லாமே காலை மாத்திரைக்கு அப்புறமா?"

அப்பாவுக்கு அதுவரை அது உறைக்கவே இல்லை. தனித்தனியாகத் தூக்கி, தனித்தனியாக மறைத்ததில் எல்லாவற்றையும் ஒன்றாக வைத்து யாருமே பார்க்கவில்லை. ரத்த அழுத்தத்துக்கு ஐயாவுக்குக் காலையில் இரண்டு மாத்திரை கொடுப்பார்கள். எழுந்து நின்றதும் அழுத்தம் சட்டென்று இறங்கித் தலை சுற்றியிருக்கிறது. முதல் தடவையே சொல்லியிருந்தால் முதல் வாரமே டாக்டர் பார்த்திருப்பார்.

சிஸ்டர் முகம் கறுத்துப்போனது. "நான் கேட்ட லட்சணமும் அப்படித்தான். விழலைல்ல, விழலைல்லன்னு ஓடிக்கிட்டே கேட்டேன். இல்லைன்னு சொல்லுங்கன்னு நானே எடுத்துக் கொடுத்த மாதிரி."

மகள் அப்பாவிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். "இதை அப்பவே சொல்லியிருந்தா எங்கப்பா இடுப்பு உடைஞ்சிருக்குமா?"

அப்பா தலை குனிந்து நின்றார்.

ஐயா யாரையும் பார்க்காமல் சுவரைப் பார்த்துச் சொன்னார்: "இத்தனை நாள் தூக்கினான். இன்னைக்கு எல்லார் முன்னாடியும் போட்டுட்டான்."

ஐயாவைப் படுக்க வைத்தும் நிறுத்தியும் அழுத்தம் பார்த்தார்கள். நின்றதும் இறங்கியது. ஒரு மாத்திரையை நிறுத்தி, மற்றதை ராத்திரிக்கு மாற்றினார்கள். மணி அடிக்கும் மிதியடி திரும்ப வந்தது. அவர் பயந்தது போலவே கீழ் மாடிக்கு, நர்ஸ் அறைக்குப் பக்கத்தில் மாற்றினார்கள். அங்கே ஜன்னலைத் திறந்தால் உண்மையிலேயே சுவர்தான். எல்லாம் நல்லபடியாக முடிந்தது என்று எழுத எனக்கு ஆசை. ஆனால் அந்தச் சுவர் அங்கேதான் இருக்கிறது.

அப்பாவை இரண்டு வாரம் வேலைக்கு வர வேண்டாம் என்றார்கள். அந்த இரண்டு வாரமும் அவர் வீட்டில் குழாய், கதவு, மேசைக்கால் என்று எதையாவது பழுது பார்த்துக்கொண்டே இருந்தார். கெட்டுப்போகாத ரேடியோவையும் பிரித்தார். "அதையும் கெடுத்துட்டா சொல்லுங்க, புதுசு வாங்கிக்கலாம்" என்றாள் அம்மா. அவர் சிரிக்கவில்லை. திரும்பிப் போனபோது கூட வேலை செய்கிறவர்கள் முகம் கொடுத்துப் பேசவில்லை. "நீ பாட்டுக்கு வாயைத் திறந்துட்ட. இப்ப எங்களையும் உட்கார வெச்சு ஒவ்வொண்ணா கேட்கிறாங்க" என்றார் ஒருவர். கேள்வி சிஸ்டர் இப்போதெல்லாம் நடந்துகொண்டே கேட்பதில்லையாம். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, "போன தடவைக்கு அப்புறம் எப்பெல்லாம் தரைக்குப் போனாரு?" என்று கேட்கிறாராம். மூன்று பேரிடம் தனித்தனியாகக் கேட்கிறாராம்.

போன மாதம் ஐயா நடைவண்டியைப் பிடித்துக்கொண்டு நடந்தார். அப்பா ஒட்டியபடியே போனார். நடைவண்டியின் கால் தரைவிரிப்பில் மாட்டிக்கொண்டு ஐயா சாய்ந்தார். அப்பா பிடித்து மெதுவாகத் தரையில் இறக்கினார். பிறகு மணியை அழுத்திவிட்டு, தானும் பக்கத்தில் தரையில் உட்கார்ந்துகொண்டார்.

"தூக்குடா."

"சிஸ்டர் வந்து பார்க்கட்டும் ஐயா."

"ஒண்ணும் ஆகலை. தூக்கு."

"தெரியுங்க. வரட்டும்."

மற்ற அறைகளிலிருந்து இரண்டு பேர் எட்டிப் பார்த்தார்கள். ஒரு பாட்டி, "என்ன, ரெண்டு பேரும் தாயம் விளையாடுறாங்களா?" என்று கேட்டாள்.

"டிக்கெட் போட்டு ஆள் சேர்க்கிறியாடா?" என்றார் ஐயா. அவர் கண்ணில் தண்ணீர் நின்றது.

தன் வாழ்க்கையில் எதையும் தூக்காமல் உட்கார்ந்திருப்பது இவ்வளவு கஷ்டம் என்று அப்போதுதான் தெரிந்தது என்றார் அப்பா. கைகளைத் தொடைக்குக் கீழே வைத்துக்கொண்டாராம். சிஸ்டர் வந்து காலைத் தொட்டுப் பார்த்து, இடுப்பை அசைத்துப் பார்த்து, வலிக்கிறதா என்று கேட்டு, எழுதிக்கொண்டார். பிறகுதான் தூக்கினார்கள். தரைவிரிப்பை அன்றே எடுத்துவிட்டார்கள்.

ஐயா அப்பாவை மன்னிக்கவில்லை. இப்போது தம்பி என்றும் கூப்பிடுவதில்லை. "அந்த ஆளை வரச் சொல்லு" என்பார். அப்பா போவார். சட்டை மாட்டுவார், நகம் வெட்டுவார், வந்துவிடுவார். வீட்டில் யாராவது கிரேன் என்று சொன்னால் எழுந்து வெளியே போய்விடுகிறார்.

எல்லா ஊரிலும் யாரோ ஒருவர் யாரையோ தரையிலிருந்து தூக்கிவிட்டு, "ஒண்ணும் ஆகலைல்ல, விடுங்க" என்று சொல்லிக்கொண்டிருப்பார். அவர் கெட்டவராக இருக்கமாட்டார், பெரும்பாலும் அன்பானவராகத்தான் இருப்பார். அதனால்தான் அப்பாவின் சம்மதத்தோடு இதை எழுதினேன். உங்கள் வீட்டிலோ தெருவிலோ வயதானவர்களைப் பார்த்துக்கொள்கிறவர் யாராவது இருந்தால் இதை அவருக்குப் படித்துக் காட்டுங்கள். படிக்க நேரமில்லை என்றால் வாயால் சொல்லுங்கள். வயதான அப்பாவோ அம்மாவோ உள்ளவர்களிடமும் சொல்லுங்கள், "விழலைல்ல?" என்று கேட்காமல் "எப்பெல்லாம் தரைக்குப் போனீங்க?" என்று கேட்கச் சொல்லுங்கள். இந்தக் கதையைக் கேட்டவர் இன்னொருவருக்குச் சொல்லட்டும். அப்பாவுக்கு இதனால் இன்னும் கொஞ்சம் வெட்கமாகத்தான் இருக்கும். பரவாயில்லை என்கிறார்.